பள்ளிக்கூடத்துக்குப் பூக்கட்டிப் பார்த்தது

எங்கள் பக்கத்தில் தேர்தல் வருகிறது என்பதைத் தண்டோரா போட்டுச் சொல்ல வேண்டியதில்லை. யாராவது ஒரு பெரிய மனிதர் திடீரென்று ஊருக்கு நல்லது செய்ய ஆரம்பிப்பார். அந்த வருஷம் அவருக்குப் பள்ளிக்கூடம் நினைவுக்கு வந்தது. பாகூர் ஏரித் தண்ணீர் யார் நிலத்துக்கு முதலில் பாய வேண்டும், யார் நிலத்துக்குக் கடைசியில் பாய வேண்டும் என்று சொல்கிற ஆள் அவர்தான். பிரெஞ்சுக்காரன் ஆட்சியில், சுற்றுவட்ட ஊர்களெல்லாம் சேர்ந்த கொம்யூனுக்குத் தலைவரான மேர் பதவிக்கு நிற்கப் போகிறவர். தன் களத்து ஓரத்தில் நீளமாக ஒரு கீற்றுக் கொட்டகை போட்டு, இதுதான் பெரிய பள்ளிக்கூடம், பிரெஞ்சு கற்றுத் தருவோம், படித்து முடித்தவன் சர்க்கார் வேலைக்குச் சைகோனுக்குக் கப்பலேறலாம் என்றார். ஆடு நனைகிறதே என்று ஓநாய் அழுததாம்! ஓட்டு நாளில் என் வீட்டுக்காரர் வேட்டி மாற்றிக்கொண்டு கிளம்புவதற்குள் அவர் ஓட்டை வேறொருவன் போட்டுவிட்டுப் போயிருப்பான். போட வைத்தவர் இந்தக் கொட்டகைக்காரர். இவர் என் பிள்ளைக்கு எழுத்து சொல்லித் தருவாராம்.

என் மூத்தவன் அப்போதுதான் ஊர்ப் பள்ளியை முடித்திருந்தான். படிப்பென்றால் அவனுக்கு உயிர். கடைக்காரர் மல்லாட்டைக் கடலை மடித்துக் கொடுத்த காகிதத்தைக்கூட நீவி வைத்துப் படிப்பான். மேலே படிக்க அவனுக்கு இரண்டு வழிதான் இருந்தது. ஒன்று இந்தக் கொட்டகை. இன்னொன்று வில்லியனூரில் கிறிஸ்துவச் சாமியார்கள் நடத்திய பள்ளி. அங்கே என் நாத்தனார் வீட்டில் தங்கிக்கொள்ளலாம். இரண்டும் வேண்டாம் என்றால் மாட்டுக்குப் பின்னால் போக வேண்டியதுதான். அதற்கு நான் செத்தாலும் சம்மதிக்க மாட்டேன்.

யார் சொல்வதையும் நான் நம்புகிறவள் இல்லை. கன்றுக்குட்டி அறுத்துக்கொண்டு ஓடிவிட்டது, தேடுகிறேன் என்று சொல்லி அந்தக் கொட்டகைப் பக்கம் போனேன். வாத்தியார் தூணில் சாய்ந்து குறட்டை விட்டுக்கொண்டிருந்தார். பிள்ளைகள் வட்டமாக உட்கார்ந்து மல்லாட்டை உடைத்துக்கொண்டிருந்தார்கள். யார் வீட்டு மல்லாட்டை என்று கேட்டேன். “பள்ளிக்கூடம் கட்டனவருதுதான்” என்றான் ஒரு பையன். கரும்பலகைக்குப் பின்னால் மூங்கில் தடிகள் கட்டுக்கட்டாகச் சாத்தியிருந்தன. தேர்தல் நாளில் அந்தத் தடிகளுக்கு என்ன வேலை என்று எங்கள் கொம்யூனில் பச்சைக் குழந்தைக்கும் தெரியும்.

சாமியார் பள்ளியையும் நான் சும்மா விடவில்லை. நாத்தனார் வீட்டுக்குப் போன சாக்கில், மாதா கோயில் தெருவில் குடியிருந்த ஒரு கிறிஸ்துவ அம்மாளைப் பிடித்தேன். அவள் மகன் அங்கேதான் படித்தான். “எம் புள்ளைக்கு ஞானஸ்நானம் குடுத்துட்டாங்கன்னா?” என்று நேராகவே கேட்டுவிட்டேன். அவள் விழுந்து விழுந்து சிரித்தாள். “எங்க புள்ளயே கோயிலுக்கு வரமாட்டேங்குது, முட்டி போட வெச்சிருக்காங்க. ஒம் புள்ளைய வெச்சிக்கினு இன்னாடி பண்ணுவாங்க?” என்றாள். இவ்வளவு சிரிக்கிறாளே, எதையோ மறைக்கிறாள் என்றுதான் எனக்குப் பட்டது. ஆனாலும் அவள் மகன் எங்கள் முன்னால் பாடம் ஒப்பித்தான். தடங்கலே இல்லை. இரண்டு திருடரில் சின்னத் திருடர் இவர்கள் என்று முடிவு கட்டிக்கொண்டு வீடு வந்தேன்.

வந்து பார்த்தால் என் வீட்டுக்காரர் கொட்டகைக்காரர் புகழைப் பாடிக்கொண்டிருக்கிறார். எதிரில் அவருடைய கணக்கப்பிள்ளை உட்கார்ந்து மோர் குடித்துக்கொண்டிருக்கிறான். “நம்ம புள்ள போனாத்தான் தெருவுல மத்தவங்களும் அனுப்புவாங்கன்றாரு” என்றார் இவர். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

“தண்ணிக்குப் புள்ளைய விக்கிறீங்களா?” என்றேன்.

“ஏண்டி கத்தற? தண்ணி இல்லாம இன்னாத்த திம்ப? ஒனக்கும் வேணாம் எனக்கும் வேணாம், அம்மன் கிட்டயே கேட்டுடலாம். பூக்கட்டிப் பாப்போம்.”

வெள்ளைப் பூ வந்தால் வில்லியனூர், சிவப்பு வந்தால் கொட்டகை என்று பேச்சானது. கணக்கப்பிள்ளையும் கூடவே வருகிறேன் என்றான். மறுநாள் காலையில் வாழை இலைத் துண்டுகளில் பூக்களை மடித்து நூல் கட்டியது இவர்தான். எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு கட்டினார். எட்டிப் பார்த்தேன், தோளால் மறைத்தார். புருஷன் முகத்தை மறைத்தால் பொறுத்துக்கொள்ளலாம், கையை மறைத்தால்?

மாரியம்மன் கோயிலில் பூசாரி இரண்டு பொட்டலத்தையும் அம்மன் காலடியில் வைத்தார். எடுத்துக் கொடுக்கப் பக்கத்து வீட்டுச் சின்னக் குழந்தையைக் கூட்டி வந்திருந்தோம். கற்பூரம் ஏற்றியதும் என்னால் வாயை அடக்க முடியவில்லை.

“ரெண்டுலயும் செவப்பத்தான் வெச்சிருப்பாரு, எனக்குத் தெரியாதா? சாமி முன்னால பொய் பண்ணாதீங்க!” என்று கூச்சல் போட்டேன்.

இவர் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டார். கணக்கப்பிள்ளைக்கு வாயெல்லாம் பல். “இன்னாம்மா நீ, ஆத்தா சன்னதியில இப்பிடிப் பேசற? அம்மன் சொன்னா சொன்னதுதான். வெள்ள வந்தாலும் சரின்னுதான் எங்க அண்ணன் சொல்லி அனுப்பிச்சாரு. மறு பேச்சே கெடையாது” என்று பூசாரி காதில் விழும்படி சொன்னான்.

குழந்தை ஒன்றை எடுத்தது. பூசாரி பிரித்தார். மல்லிகை. பால் போல வெள்ளை.

கணக்கப்பிள்ளையின் சிரிப்பு போன இடம் தெரியவில்லை. “அந்த இன்னொண்ணயும் பிரிங்க” என்றான். பூசாரி தயங்கினார். தங்கிப்போன பொட்டலத்தைப் பிரிக்கிற வழக்கம் இல்லை, அதைக் குளத்தில் போட்டுவிடுவார்கள். நான் பொறுப்பேனா? குனிந்து நானே எடுத்து நூலை இழுத்தேன். இரண்டிலும் சிவப்பு என்று நினைத்தேனே, வெள்ளை எப்படி வந்தது என்று பார்த்துத்தான் தீர வேண்டும் எனக்கு.

உள்ளே மல்லிகை இருந்தது. குனிந்திருந்த என் கண்ணுக்கு மட்டும்தான் அது தெரிந்தது.

நிமிர்ந்து இவரைப் பார்த்தேன். முகத்தில் ரத்தமே இல்லை. கண் மட்டும் அம்மன் மேல் இருந்தது. எனக்கு எல்லாம் புரிந்துபோயிற்று. கொட்டகைக்காரர் முகத்துக்கு நேரே ‘மாட்டேன்’ என்று சொல்ல இந்த மனுஷனால் ஆகாது. சொல்ல ஆத்தாளை அனுப்பியிருக்கிறார். இப்போது அந்தப் பூ என் கையில்.

“செவப்புதான்” என்றேன்.

“காட்டும்மா.”

இலையோடு சுருட்டி மடியில் சொருகிக்கொண்டேன். “பொம்பள மடியில கைய வுட்டு எடுத்துக்கயேன்! சாமி வரம் குடுத்தாலும் நீ குடுக்கமாட்டியா? இப்பதானே மறு பேச்சு இல்லன்ன?” என்று ஊர் கேட்கக் கத்தினேன். அக்கம்பக்கத்துப் பெண்கள் எட்டிப் பார்த்தார்கள். அவன் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு போய்விட்டான்.

வரப்பு மேல் வரும்போது மனசு நிறைந்திருந்தது. என் புருஷனுக்குள் இப்படி ஒரு ஆள் இருந்தானா என்று பெருமையாகக்கூட இருந்தது. “எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லியிருக்கக் கூடாதா? நெஞ்சே நின்னுபோச்சி” என்றேன்.

“சொல்லியிருந்தா நீ அப்பிடிக் கத்தியிருப்பியா?” என்றார். “நீ கத்துனதாலதான் அவன் வாய வுட்டு மாட்டிக்கினான். நீ என்னை நம்பமாட்டன்னு எனக்குத் தெரியும். அத வெச்சித்தான் எல்லாமே பண்ணேன்.”

குத்திக் காட்டவில்லை, சாதாரணமாகத்தான் சொன்னார். வாய்க்கால் அடைத்திருக்கிறதா என்று பார்த்துக்கொண்டே முன்னால் நடந்தார்.

பையன் வில்லியனூர் போய்ச் சேர்ந்தான். அந்தப் போகம் எங்கள் நிலத்துக்குக் கடைசியில்தான் தண்ணீர் வந்தது. அதற்கு நான் அழவில்லை. வரப்பில் அவர் சொன்னதற்குத்தான் அன்றைக்கு அடுப்பங்கரையில் உட்கார்ந்து அழுதேன். இத்தனை வருஷம் கூட இருந்தும், நான் நம்புவேன் என்று ஒரு தடவைகூட அவருக்குத் தோன்றும்படி நான் நடந்துகொண்டதில்லை.