குழந்தை சீட் விற்றவர்

இத்தாலியின் பலெர்மோவில், ஒரேத்தோ தெருப் பக்கம் கார்ச் சாமான் கடையொன்றில் அவர் வேலை செய்தார். யாழ்ப்பாணத்துக்காரர், நரைத்த மீசை. யார் என்ன கேட்டாலும் பக்கத்திலிருக்கும் சீட் பெல்ட்டை ஒருதரம் இழுத்துப் பார்த்துவிட்டுத்தான் வாய் திறப்பார்.

"கிட்டத்திலைதானே போறம். மனிசி பிள்ளையை மடியிலை வைச்சிருந்தால் காணாதோ?" என்று, குழந்தை சீட்டின் விலையைப் பார்த்துவிட்டுக் கேட்டேன்.

பெல்ட்டை இழுத்தார். "சடாரெண்டு பிரேக் அடிச்சால் பிள்ளையைக் கையாலை பிடிக்கேலாது, தம்பி. பக்கத்துத் தெருவெண்டாலும் அப்பிடித்தான்."

காரில் ஏறினாலே வீரிட்டு அழும் என் மூன்று வயது மகள், அவர் சீட்டில் இருத்திப் பூட்டியதும் சிரித்தாள். மனைவியும் சிரித்தாள். எனக்கு எரிச்சலாக வந்தது. விற்கிறவர் வேறென்ன சொல்வார் என்று முணுமுணுத்தபடி வாங்கினேன்.

அந்த ஞாயிறு மொண்டெல்லோ கடற்கரைக்குப் போகும்போது ஒரு ஸ்கூட்டர் குறுக்கே பாய்ந்தது. பிரேக்கை அமுக்கினேன். மனைவியின் கைப்பை பறந்துபோய்க் கண்ணாடியில் மோதியது. பின்னால் மகள் சீட்டோடு அப்படியே இருந்தாள்.

"அந்த அண்ணை நல்லாயிருக்கவேணும்," என்று கண்ணைத் துடைத்தாள் மனைவி.

பிரேக் பிடித்தது நான். அதைப் பற்றி வீட்டில் ஒரு வார்த்தை இல்லை.

பிறகொருநாள் கடையில் அவரிடம் நடந்ததைச் சொன்னேன்.

"நீர் நல்ல நேரத்திலை பிரேக் பிடிச்சிருக்கிறீர், தம்பி," என்றார்.

அதையும் அவர்தான் சொல்ல வேண்டியிருந்தது.