போகும்போது மட்டும் பிடிக்கும் ஆவி

கர்ப்பிணித் தாய்மாரை வீடு வீடாகப் போய்ப் பார்ப்பது என் வேலை. அன்புவழிபுரத்தில் இருந்து கடற்கரைக் கிராமமான சல்லிப் பக்கம் ஸ்கூட்டியில் போய் வருவேன். கோடையில் ஒரு கரைச்சலும் இல்லை. மாரி தொடங்கினால்தான் தொல்லை. நான் மூக்குக்கண்ணாடி போடுகிறவள். அதற்கு முன்னால் ஹெல்மெட் கண்ணாடி. அது உள்ளே மூச்சுப் பட்டு ஆவி பிடித்தால் தூக்க வேண்டும். தூக்கினால் மழை மூக்குக்கண்ணாடியில் அடிக்கும்.

ஒரு கார்த்திகை மாதக் காலையில், சாம்பல்தீவுப் பாலத்துக்குக் கிட்டப் போகும்போது, கண்ணாடியின் கீழ் விளிம்பு, வாய்க்கு நேரே, வெளுக்கத் தொடங்கியது. கொஞ்சத் தூரத்துக்குள் முழுக்க வெளுத்துவிட்டது. ஓடிக்கொண்டே ஒரு கையால் தூக்கினேன். மழை அடித்தது. பிரேக்கைப் பிடித்தும் ஸ்கூட்டி கொஞ்சம் வழுக்கிப் போய், முன்சில்லு எதிலோ மெதுவாக இடித்து நின்றது.

இறங்கிப் பார்த்தால் ஒரு சைக்கிள். அதைத் தள்ளிக்கொண்டு வந்தவர் மீன் விற்கிறவர், ஐம்பது வயது இருக்கும். அவருக்கு ஒன்றும் ஆகவில்லை. கரியரில் கட்டியிருந்த பெட்டி சரிந்து, சூடைமீன் தார்றோட்டில் பரவிக் கிடந்தது. இரண்டு பேரும் மழைக்குள் குந்தியிருந்து பொறுக்கினோம். நான் மன்னிப்புக் கேட்டுக்கொண்டே இருந்தேன். அவர் கடைசி மீனையும் பெட்டிக்குள் போட்ட பிறகுதான் வாய் திறந்தார்.

“மிஸ், கண் தெரியாட்டி நிண்டு போங்கோ. நான் உங்கட லைட்டைக் கண்டனான். நீங்களும் என்னைக் கண்டிட்டீங்கள் எண்டு நினைச்சுத்தான் ஒதுங்காமல் நிண்டனான்.”

அவர் ஏசியிருந்தால் எனக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும். அன்று முழுக்க, இரத்த அழுத்தம் பார்க்கும்போதும் பதிவு எழுதும்போதும், அவர் சொன்ன அந்தக் கதையே காதுக்குள் நின்றது.

வீட்டுக்கு வந்து கணவரிடம் சொன்னேன். எதையும் ஃபோனில் தேடிப் பார்க்காமல் விடாத மனிதர் அவர். அன்று இரவே சவர்க்காரத்தில் தொடங்கினோம். காய்ந்த சவர்க்காரத்தைக் கண்ணாடியின் உள்பக்கம் தேய்த்து, பழைய பருத்திச் சீலையால் மெருகேற்ற வேண்டுமாம். அடுத்த நாள் பாலம் வரைக்கும் நல்ல தெளிவு. பிறகு ஈரம் பட்ட சவர்க்காரம் வழிந்து கண்ணை எரித்தது. அடுத்தது உருளைக்கிழங்கு. பாதியை வெட்டித் தேய்த்தோம், மீதிப் பாதி சொதிக்குள் போனது. கிழங்கின் மா காய்ந்து வெள்ளைக் கோடு கோடாக நின்றது. பற்பசை நுண்ணிய கீறல்களைப் போட்டுவிட்டது. எதிரே வந்த ஒரு லொறியின் வெளிச்சம் கண்ணாடி முழுக்கச் சிதறியதைக் கண்டதும் அந்தக் கண்ணாடியைக் கழற்றிவிட்டுப் புதிது பூட்டினேன். கணவர் முகம் வழிக்கும் நுரை எல்லாவற்றிலும் நன்றாக வேலை செய்தது. ஆனால் அந்த வாசம் என்னோடு வீடு வீடாக வந்தது. மூன்றாம் மாதத்தில் இருந்த ஒரு தாய் நான் ஹெல்மெட்டைக் கழற்றினதுமே சத்தி எடுக்க ஓடினாள். அதோடு அதையும் விட்டேன்.

இதற்கிடையில் எனக்கு வேறு ஒரு ஆர்வம் பிடித்துக்கொண்டது. இடப்பாதியில் ஒன்றும் வலப்பாதியில் இன்னொன்றும் பூசிக்கொண்டு போகத் தொடங்கினேன். எந்தப் பக்கம் முதலில் மறைகிறது என்று பார்ப்பேன். அப்படிப் பார்த்த நாட்களில்தான் ஒன்று பிடிபட்டது. எதைப் பூசினாலும் பூசாவிட்டாலும், சல்லிக்குப் போகும்போதுதான் ஆவி கூடப் பிடிக்கிறது. திரும்பி வரும்போது அதே மழை, அதே கண்ணாடி, ஆனால் ஓரத்தில் கொஞ்சம் வெளுத்ததோடு நின்றுவிடுகிறது.

ஏன் என்று கணவரைக் கேட்டேன். காலையில் கண்ணாடி குளிர்ந்திருக்கும், மூச்சு சூடு, அதனால்தான் என்றார். சரியாகத்தான் பட்டது. விறாந்தையில் கொழுவியிருந்த ஹெல்மெட்டைக் குசினிக்குள் அடுப்புக்குக் கிட்ட ஒரு கதிரையில் வைத்தேன். வெளிக்கிடுமுன் குடிக்கிற சுடுதேத்தண்ணியைக்கூட ஒரு கிழமை நிறுத்திப் பார்த்தேன். ஒரு வித்தியாசமும் இல்லை. அப்படி இருக்கையில், ஒரு நாள் அவசரமாக மத்தியானமும் சல்லிக்குப் போக வேண்டி வந்தது. ஹெல்மெட் காலையில் இருந்து என் தலையிலும் கையிலும்தான். குளிர்ந்திருக்க வழியில்லை. அப்படியிருந்தும் பாலத்துக்குச் சற்று முன்னால், அதே இடத்தில் வெளுத்தது. அப்போ காலைக் குளிர் காரணமில்லை.

மார்கழியில் ஒரு வீட்டுக்குப் போனேன். அந்தப் பெண்ணுக்கு எட்டாம் மாதம், முதல் பிள்ளை. அவளுடைய கணவர் கடலுக்குள் இறங்கிச் சங்கு எடுக்கிறவர். மாரிக்கடல் கலங்கியிருந்ததால் வீட்டில் இருந்தார். ஹோலில் பாயை விரித்து, சுழியோடும்போது முகத்தில் போடுகிற மாஸ்க்குகளைத் துடைத்துக்கொண்டிருந்தார். நான் பிள்ளையின் இதயத்துடிப்பைக் கேட்டு முடித்துவிட்டு என் மூக்குக்கண்ணாடியைத் துடைத்தேன். துடைக்கும்போதுதான் உறைத்தது, எனக்கு வேண்டியதைத் தெரிந்த ஆள் முன்னாலேயே இருக்கிறார் என்று.

தண்ணீருக்கு அடியில் ஆவி பிடித்தால் என்ன செய்வீர்கள் என்று கேட்டேன். இறங்குமுன் துப்பித் தேய்த்துக் கழுவுவோம் என்றார். என் முகத்தைப் பார்த்துவிட்டுச் சிரித்து, அது பிடிக்காவிட்டால் அடம்பன் இலையும் நல்லது என்றார். எழும்பிப் போய் வீட்டுக்குப் பின்னால் கடற்கரை மணலில் படர்ந்திருந்த கொடியில் நாலைந்து இலை பிடுங்கி வந்தார். கசக்கினால் வழுவழு என்று சாறு வந்தது. உள்ளே தேய்த்து, தண்ணீரில் ஒருதரம் அலசிவிட்டால் போதுமாம். பிறகு, நான் கேட்காமலே இன்னொன்றும் சொன்னார்.

“புதுசா இறங்கிற ஆளுக்குத்தான் மிஸ் கூட ஆவி பிடிக்கும். பயத்தில மூக்கால பலமா மூச்சு விடுவார். பழகினால் குறைஞ்சிடும்.”

சுவரில் சாய்ந்திருந்த அவர் மனைவி என்னைப் பார்த்தாள். அதற்கு முந்தின கிழமைதான் அவளுக்குப் பிரசவ நேரத்தில் மூச்சு விடுகிற முறையை நான் சொல்லிக் கொடுத்திருந்தேன்.

“எங்களுக்குச் சொல்லித் தாற மூச்சை மிஸ் விடுறேல்லையோ?” என்று கேட்டாள்.

சிரித்துவிட்டு வந்தேன். பாலத்தைத் தாண்டும்போதுதான் விளங்கியது. மீன்காரரை இடித்த இடம் போகும் பக்கத்தில் இருக்கிறது. அதற்கு ஒரு வளைவு முன்னாலேயே எனக்குத் தோள் இறுகி, மூச்சு வேகமாகிவிடும். பயத்தில் வேகத்தையும் குறைத்துவிடுவேன். மெதுவாக ஓடினால் ஹெல்மெட்டுக்குள் காற்றும் நுழையாது. திரும்பும்போது அந்த இடம் றோட்டின் மறுகரையில் கிடக்கும், நான் வீட்டை நினைத்துக்கொண்டு வருவேன். இத்தனை நாளும் கண்ணாடியிலேயே குறை தேடியதை நினைக்க வெட்கமாக இருந்தது. விஷயம் பிடிபட்டதில் சந்தோஷமும்தான்.

அடுத்த நாள் இடப்பாதியில் மட்டும் அடம்பன் சாறு தேய்த்துக்கொண்டு போனேன். வளைவு வந்ததும் நாலு எண்ணி மூச்சை இழுத்து, வாயால் தாடைப் பக்கமாகக் கீழே விட்டேன். கண்ணாடியை ஒரு விரல் அளவு திறந்து வைத்தேன். வெள்ளை கீழ் விளிம்பில் வந்து, தயங்கி, இறங்கிப் போனது. நம்ப முடியவில்லை. திரும்பிப் போய் அதே இடத்தை இன்னொரு தரம் கடந்தேன். இலை தேய்த்த இடப்பக்கம் கொஞ்சம் கூடத் தெளிவுதான், ஆனால் வலப்பக்கமும் மறையவில்லை. மூன்றாம் தரமும் போயிருப்பேன். கிளினிக்குக்கு நேரமாகிவிட்டது.

தை மாதத்தில் அந்தப் பெண்ணுக்கு ஆஸ்பத்திரியில் ஆண்பிள்ளை பிறந்தது. வீட்டுக்கு வந்தபின் பார்க்கப் போனேன். மூச்சு உதவினதா என்று கேட்டேன். முதல் கொஞ்ச நேரம் உதவினது, நோவு கூடக் கூட எல்லாம் மறந்து நர்ஸின் கையைப் பிடித்துக் கத்தினது மட்டும்தான் ஞாபகம் என்றாள். எனக்கும் சில நாள் பாலத்தில் மறந்து போகிறது என்று சொன்னேன். அப்படியான நாளில் ஓரத்தில் நிறுத்தி, ஹெல்மெட்டைக் கழற்றித் துடைத்துவிட்டுத்தான் போகிறேன். பிள்ளை நிறை கூடியிருந்தது, தொப்புள் காய்ந்திருந்தது.

இப்போது இலையைப் பற்றித்தான் யோசனை. கன மழைக்குப் பிறகு பிடுங்கினால் சாறு தண்ணீராக இருக்கிறது, கண்ணாடியில் அவ்வளவாக ஒட்டாது. இரண்டு நாள் வெயிலுக்குப் பிறகு பிடுங்கினது நல்லது. ஆனால் ஆவி பிடிக்கிற காலத்தில் வெயிலுக்கு எங்கே போவது? நிழலில் உலர்த்தி வைத்து, வேண்டும்போது நனைத்துத் தேய்த்தால் வேலை செய்யுமா என்று பார்க்க, ஏழு இலையைக் குசினி யன்னலில் பரப்பி வைத்தேன். நேற்றுப் பார்த்தால் ஐந்துதான் இருக்கிறது. மற்ற இரண்டும் எங்கே என்று கணவரைக் கேட்டால், என்ன வாசம் என்று பார்க்கக் கசக்கினாராம்.