விலாசத்தைப் பாடின கதை

போன கிழமை ஓக்லண்டில், பாட்டனி டவுன்ஸ் பக்கம் சப்பாத்து வாங்கப் போனேன். கடைக்குள் ஒரு ஸ்டீல் கிட்டார் இழுத்து இழுத்து அழுதது. உடனே என் உள்ளங்கை வேர்த்துவிட்டது. சிரிக்காதீர்கள், சொல்கிறேன்.

தொண்ணூறுகளில் இதே ஓக்லண்டின் மங்கரேயில், விமான நிலையத்துக்குப் பக்கத்துச் சரக்குக் கொட்டகையில் வேலை. போர்மன் கெவின் தென்தீவின் அடிமுனைக்காரர். நாள் முழுக்க அவருடைய கன்ட்ரி மியூசிக் கசெட்தான் ஓடும். ஒரு பாட்டில் மனைவி போவாள், அடுத்ததில் நாய் சாகும். நாய்ப் பாட்டுக்குத்தான் சத்தத்தைக் கூட்டுவார். ஓக்லண்ட்காரர் என்றால் அவருக்கு இளக்காரம். "கோப்பி குடிக்கிறதும் டிராபிக்கில நிக்கிறதும்தான் இவங்கட வேலை" என்பார். நான் வந்து பதினெட்டு மாதத்தில் என்னையும் அந்தக் கூட்டத்தில் சேர்த்துவிட்டார். உள்ளுக்குள் எனக்குக் கொஞ்சம் பெருமைதான்.

கூட வேலை செய்த செல்வம் மட்டக்களப்பு, நான் யாழ்ப்பாணம். வந்தவனை மந்திரம் போட்டுப் பாயோடு ஒட்டவைக்கிற ஊர் என்று நான் அவனைச் சீண்டுவேன். யாழ்ப்பாணத்தான் கடிதாசியைக் கண்டால் காணி உறுதிப் பத்திரம் என்று நினைத்துக் கையெழுத்து வைப்பான் என்று அவன் திருப்பித் தருவான்.

அது தேர்தல் வருஷம். மத்தியானச் சாப்பாட்டு மேசையில் கெவின் எல்லாரிடமும் பச்சையாகக் கேட்பார், யாருக்குப் போடுவாய் என்று. எங்கள் ஊரில் அந்தக் கேள்விக்கு வாய் திறந்தவர்கள் பலர் பிறகு எதற்குமே வாய் திறக்கவில்லை. எனக்கு வோட்டும் இல்லை, நிரந்தர விசாவும் இல்லை. அந்த விசாவுக்கு வேண்டிய வேலைக் கடிதம் கெவின் மேசையில் கையெழுத்துக்குக் கிடந்தது. "நீங்கள் போடுற ஆளுக்குத்தான்" என்றேன். அவர் சான்ட்விச்சைக் கடித்தார்.

அந்த ஞாயிறு பின்னேரம் எங்கள் இருவரையும் தன்னுடைய கன்ட்ரி மியூசிக் கிளப்புக்குக் கூப்பிட்டார். மண்டப வாசலில் ஒரு தாள், பக்கத்தில் பேனை. ஆமியின் சென்றிப் பொயின்டில் பெயரும் விலாசமும் எழுதி எழுதியே வளர்ந்தவனுக்கு வேறென்ன விளக்கம் வேண்டும்? பெயரை எழுதினேன். பக்கத்துக் கட்டத்தில் நான் இருந்த த்ரீ கிங்ஸ் வீட்டு விலாசத்தை எழுதினேன். மேலே என்ன போட்டிருக்கிறது என்று யார் பார்த்தது?

அரை மணித்தியாலத்தில் மேடையில் நின்றவர் என் பெயரை மூன்று துண்டாக உடைத்து, பின்னால் என் விலாசத்தையும் வாசித்தார். பாடப் பெயர் கொடுத்தவர்களின் தாளாம் அது. பக்கத்துக் கட்டம் பாட்டின் தலைப்புக்காம். பாண்ட்காரர்கள் என்னைப் பார்த்தார்கள். கெவின் விசிலடித்தார்.

"செல்வம், உன்ர மந்திரத்தைப் போட்டு என்னை இந்தக் கதிரையோட ஒட்டிவிடடா."

"பாய்க்குத்தான்கா பிடிக்கும். கதிரைக்குப் பிடியாது. ஓடு, போர்மன் பார்க்கிறார்."

கடிதத்தை நினைத்துக்கொண்டு ஏறினேன். தேவாரம்கூட மறந்துபோயிற்று. வாயில் வந்தது, ஊரில் கட்டுக்காசு இழந்த ஒரு சுயேச்சை வேட்பாளரின் ஸ்பீக்கர் கார்ப் பாட்டு. அவருடைய சின்னத்தைச் சொல்லி, அரிக்கன் லாம்புக்குப் புள்ளடி போடுங்கோ என்று தொடங்கினேன். கிட்டார் பின்னால் அழுதுகொண்டே வந்தது. கடைசியில் மண்டபமே கைதட்டி லாம்புக்கு வோட்டுக் கேட்டது. அந்த மனிதருக்கு ஊரில் அவ்வளவு ஆதரவு இருந்ததில்லை.

பாட்டு என்ன சொல்கிறது என்று கெவின் கேட்டார். "பெண்சாதி போயிட்டாளாம். வீட்டு வாடகையும் கூடிப்போச்சாம்" என்றான் செல்வம், முகத்தில் ஒரு சுருக்கம் இல்லாமல். கெவின் மூக்கை உறிஞ்சினார்.

திங்கட்கிழமை என்னைக் கூப்பிட்டார். கடிதம் முன்னால், பேனை கையில். "விசா கிடைச்சு வோட்டும் வந்தால் உண்மையா யாருக்குப் போடுவாய்?"

ஒரு மண்டபத்துக்கு முன்னால் அரிக்கன் லாம்பைப் பாடியவனுக்கு இனி என்ன வெட்கம்? அவருக்குப் பிடிக்காத கட்சியின் பெயரைச் சொன்னேன்.

"ஓக்லண்ட்காரன் வேறென்ன சொல்லுவான்" என்று கையெழுத்தை வைத்தார்.

கெவின் பென்ஷனோடு தெற்கே போய்விட்டார். செல்வம் மெல்பேர்னில். இப்போதெல்லாம் என்னிடம் யாரும் யாருக்குப் போட்டாய் என்று கேட்பதில்லை. மண்டபம் இருந்த இடத்தில் மூன்று மாடி வீடுகள். வாசலில் தாளும் இல்லை, பேனையும் இல்லை. இருந்தால் இந்த முறை மேலே போட்டிருப்பதை வாசித்துவிட்டே பெயரை எழுதுவேன்.