கல் அறுக்கும் இடத்தில் தண்ணீர் ஊற்றியவர்

2007-ல கீழ்க்கட்டளையில நாங்க வீடு கட்டினோம். என் வீட்டுக்காரர் துபாய்ல வேலையில இருந்ததால, கட்டட வேலைக்கு வந்த எல்லார்கிட்டயும் மல்லுக்கு நின்னது நான்தான். எனக்கு வாய் கொஞ்சம் ஜாஸ்தி. அதை நினைச்சு நான் வெட்கப்பட்ட சம்பவம் இது.

தரைக்கும் மாடிப்படிக்கும் கிரானைட் போட ஒருத்தர் வந்தாரு. நாற்பது வயசு இருக்கும். எல்லாரும் பாய்னு கூப்பிட்டதால நானும் அப்படியே கூப்பிட்டேன். கூட அவரோட மச்சான். முதல் நாள் வாசல்ல வச்சு, மெஷின் பிளேடு மேல தண்ணி ஊத்தி ஊத்தி கல்லை அறுத்தாங்க. அந்தச் சேறு தெறிச்சு, பக்கத்து வீட்டுல காயப்போட்ட துணியெல்லாம் பாழ். அந்தம்மா சண்டைக்கு வந்துட்டாங்க.

"உள்ள வச்சு அறுங்க பாய், ஜன்னலைச் சாத்திக்கோங்க"ன்னேன். தண்ணி விட்டா சுவத்துல தெறிக்குமேன்னு அவர் இழுத்தாரு. புது பெயின்ட் ஆச்சே. கிரகப்பிரவேசத்துக்கு நாள் வேற குறிச்சாச்சு. அப்ப தண்ணி இல்லாமலே அறுங்கன்னு சொல்லிட்டேன். அவர் தண்ணி பக்கெட்டை ஓரமா நகர்த்தி வச்சாரு. அப்புறம் "சரிக்கா"ன்னு உள்ள போயிட்டாரு.

அந்த ரூமுக்குள்ள எட்டிப் பார்த்தா ஆளே தெரியாது, அவ்வளவு தூசி. மூஞ்சியில ஒரு துண்டைக் கட்டிக்கிட்டு வேலை பார்த்தாங்க. வாழைப்பழமும் வெல்லமும் தின்னா நெஞ்சுல இருக்கிற தூசி இறங்கிடும்னு அங்க எல்லாரும் சொல்லுவாங்க. நானும் நம்பி, தினம் நாலு மணிக்கு ஒரு சீப்புப் பழம் வாங்கிக் கொடுத்துடுவேன். என்னை மாதிரி தாராள மனசு யாருக்கு வரும்னு ஒரு நினைப்பு.

பத்து நாள் கழிச்சு, மாடிக்கு ஏறின பாய் மூணாவது படியிலயே உட்கார்ந்துட்டாரு. மேல்மூச்சு வாங்குது. "பீடியைக் குறைங்க பாய்"னு கிண்டல் பண்ணினேன்.

"பீடி பழக்கமே இல்லக்கா. ரெண்டு வருசமாவே இப்டித்தான் கீது."

உடனே ஆட்டோ பிடிச்சு தாம்பரத்துல ஒரு நெஞ்சு டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போனேன். எக்ஸ்ரே எடுத்தாங்க. டாக்டர் படத்தைப் பார்த்துட்டு, என்ன வேலை செய்யறீங்க, எத்தனை வருஷமான்னு கேட்டாரு. அப்புறம் நிதானமா சொன்னாரு. இது கல் தூசி, உள்ள போய் தங்கினது இனி திரும்பி வராது, இருக்கிற மூச்சையாவது காப்பாத்திக்கணும், தண்ணி இல்லாம அறுக்கவே கூடாதுன்னு. நான் வாழைப்பழத்தைப் பத்திக் கேட்டேன்.

"அது வயித்துக்குப் போறதும்மா. நுரையீரலுக்கு எப்படிப் போகும்?"

பாய் முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியமே வரல. திரும்பி வரும்போது ஆட்டோல மன்னிப்பு கேட்டேன். அவர் சிரிச்சாரு. "இருவது வருசமா தூசி துன்றேன்கா. உங்க வூட்டுல மட்டுமா துன்னேன்?"

இனிமே வரமாட்டாருன்னு நினைச்சேன். மறுநாள் காலையில வந்து நின்னாரு. சமையலறை மேடை பாக்கி. மெஷினை மச்சான் கையில கொடுத்து, கல்லைக் கொல்லைப்பக்கம் எடுத்துட்டுப் போகச் சொன்னாரு. ரெண்டே ரெண்டு கட்டிங்குக்குத் தண்ணி எதுக்குன்னு மச்சான் சலிச்சுக்கிட்டான். பாய் பிளக்கைப் பிடுங்கிட்டாரு. அப்புறம் ஒரு பக்கெட்டைக் கவுத்துப்போட்டு உட்கார்ந்து, சாயந்திரம் வரைக்கும் பிளேடு மேல மக்குல தண்ணி ஊத்தினாரு. கல் வேலையில பேர் எடுத்த மனுஷன், சித்தாள் செய்யற வேலையைச் செஞ்சுக்கிட்டு உட்கார்ந்திருந்தாரு. எனக்கு மலைப்பா இருந்துச்சு.

ரெண்டு வருஷம் கழிச்சு, மேடவாக்கம் பக்கம் தங்கச்சிக்காக ஒரு ஃபிளாட் பார்க்கப் போனேன். கீழ கல் அறுக்கிற சத்தம். பார்த்தா பாய், கையில தண்ணி ஹோஸோட. பாதியா இளைச்சிருந்தாரு. நாலு வார்த்தை பேசினா நிறுத்தி மூச்சு வாங்கணும். பாய் வந்து உட்காராம இங்க ஒரு மெஷினும் ஓடாது மேடம், அவர் வச்ச சட்டம்னு சைட் இன்ஜினியர் சொன்னாரு. சுத்தி அஞ்சாறு பேர் அறுத்துக்கிட்டிருந்தாங்க. ஒரு பொட்டுத் தூசி பறக்கல.

தனக்குப் போனது போகட்டும், பக்கத்துல நிக்கிறவனுக்கும் போயிடக் கூடாதுன்னு மிச்சமிருந்த மூச்சோட காவல் உட்கார்ந்திருந்தாரே, அவ்வளவு பெரிய மனுஷனை என் அவசரத்துக்கு மூடின அறைக்குள்ள உட்கார வச்சது நான்தான்னு நினைக்கிறப்ப, இன்னிக்கும் எனக்கு வெட்கமா இருக்கு.