மகள் தலையில் பூசிய சந்தனம்

என் மகளுக்குத் தோல் நோய் என்று தெரிந்தால் யாரும் நோயைப் பற்றிக் கேட்பதில்லை. என்னைப் பற்றித்தான் கேட்பார்கள். கருவாடு குடுத்தியா, மாசமா இருக்கும்போது இன்னா தின்னே, உங்க அம்மா வீட்ல யாருக்காவது இருந்துதா? அவளுக்கு அப்போது ஐந்து வயது. முழங்கை மடிப்பு, முழங்கால் மடிப்பு, கழுத்து, காதுக்குப் பின்னால் எல்லாம் சிவந்து தடித்து, சொறியச் சொறிய நீர் கசியும். எங்கள் பக்கம் இதைக் கரப்பான் என்பார்கள். திருவள்ளூரில் நாங்கள் காட்டிய தோல் டாக்டர் அடோபிக் டெர்மடைடிஸ் என்றார். தொற்றாது, ரத்தம் கெட்டதும் இல்லை, இவள் தோலுக்கு ஈரத்தைப் பிடித்து வைக்கத் தெரியவில்லை என்று பொறுமையாகச் சொன்னார். முழுசாகப் போய்விடும் என்று வாக்குக் கொடுக்கவில்லை. அடக்கி வைக்கலாம் என்றார்.

அடக்கி வைப்பது என்ன வேலை என்று எனக்குத் தெரியும். வெதுவெதுப்பான தண்ணீரில் சட்டென்று குளிப்பாட்டி, துண்டால் தேய்க்காமல் ஒற்றியெடுத்து, ஈரம் காய்வதற்குள் உடம்பு முழுக்கக் களிம்பு பூச வேண்டும். புண் கிளம்பிய இடத்துக்கு வேறு மருந்து. பள்ளிச் சீருடை பாலியஸ்டர், அதனால் உள்ளே கை வைத்த பருத்தி பனியன். திருத்தணி வெயிலில் அந்த பனியனும் மதியத்துக்குள் நனைந்துவிடும். வேர்வை பட்டால் மறுபடி அரிப்பு. பக்கத்தில் உட்காரும் பிள்ளையின் அம்மா, தன் மகளை வேறு பெஞ்சுக்கு மாற்றச் சொல்லி டீச்சரிடம் கேட்டு மாற்றியும்விட்டாள். என் மகள் வீட்டுக்கு வந்து, "நான் குளிக்கறதில்லையாம்மா?" என்று கேட்டாள்.

என் கணவரின் அக்கா கே.ஜி.கண்டிகையில் இருக்கிறார். தாய் இல்லாத என் கணவரை வளர்த்தது அவர்தான். அதனால் அவர் பேச்சுக்கு எங்கள் வீட்டில் மறுபேச்சு கிடையாது. என் மகள் மேல் அவருக்கு உயிர், அதையும் சொல்லிவிடுகிறேன். ஒரு நாள் வந்து உட்கார்ந்தவர், "கொழந்தைக்கு முடி எடுக்கறேன்னு முருகனுக்கு வேண்டிகினு இருக்கேன். வர்ற கிருத்திகைக்கு மொட்டை போட்டுடலாம்" என்றார். எங்களை ஒரு வார்த்தை கேட்கவில்லை.

"தலையெல்லாம் வெடிச்சிருக்கு அண்ணி. கத்தி படக்கூடாதுன்னு டாக்டர் சொல்லிகிறாரு. ஆறட்டும், நானே இட்டுகினு வந்து முடி குடுக்கறேன்."

"சாமிக்கே நீ தேதி சொல்றியா?"

என் கணவர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

கிருத்திகை அன்று நான் வீட்டுக்குத் தூரம். மலைக்குப் போக முடியாது. இன்னொரு நாள் போகலாம் என்றேன். "சாமி மட்டும் கும்பிட்டுகினு வந்துடறோம். முடி எடுக்க மாட்டோம்" என்று என் கணவர் சொன்னார். நம்பினேன். ஒரு பையில் களிம்பு, மாற்று பனியன், தண்ணீர் பாட்டில் எல்லாம் வைத்துக் கொடுத்து அனுப்பினேன்.

மதியம் ஆட்டோ தெருமுனை திரும்புவதற்கு முன்பே அழுகை கேட்டது. இறங்கியவளின் தலையில் ஒரு முடி இல்லை. சந்தனத்தை அப்பியிருந்தார்கள். அது காய்ந்து பாளம் பாளமாக வெடித்து, வெடிப்புகளில் ரத்தம் கலந்து பழுப்பாகியிருந்தது. "எரியுதும்மா, எரியுதும்மா" என்று கைகளைத் தலைக்குக் கொண்டுபோவதும், தொடப் பயந்து எடுப்பதுமாக நின்றாள். களிம்புப் பையைத் திறக்கவே இல்லை.

"இன்னாங்க இது?" என்று கணவரைக் கேட்டேன்.

"அக்கா ரொம்ப சொல்லிச்சு..."

"மொட்டைன்னா எல்லா பசங்களும்தான் அழுவுதுங்க" என்றார் அண்ணி. "சந்தனம் குளிர்ச்சிதானே. சித்த நேரத்துல சரியாயிடும்."

"உள்ள வாங்க அண்ணி. நீங்கதான் இவளப் புடிச்சிக்கணும்" என்றேன்.

"நான் எதுக்கு?"

"வாங்கன்னு சொல்றேன்ல!"

அவரிடம் நான் குரல் உயர்த்தியது அதுதான் முதல் முறை. குளியலறையில் அவரை உட்காரவைத்து, மகளை மடியில் கொடுத்தேன். தண்ணீரை மெல்ல ஊற்ற ஊற்றச் சந்தனம் பொருக்கோடு சேர்ந்து பெயர்ந்து வந்தது. அடியில் பச்சைப் புண். "அத்த, விடு அத்த" என்று அவர் கையைப் பிடித்துக் கெஞ்சினாள் என் மகள். அண்ணி கண்களை இறுக்க மூடிக்கொண்டார்.

"கண்ணத் தொறந்து பாருங்க. தெனமும் நான் பாக்கறது இதத்தான்."

"நல்லதுக்குத்தானே செஞ்சேன்" என்றார். அழுதார். எனக்கு இரக்கம் வரவில்லை.

புண்ணில் சீழ் வைத்துக் காய்ச்சல் வந்தது. திருவள்ளூருக்கு ரயிலில் போனோம். மணவூர் தாண்டும்போது எதிர் சீட்டுக்காரம்மா மொட்டைத் தலையைப் பார்த்துவிட்டு, "முருகனுக்கா? நல்லதும்மா" என்று சிரித்தார். பதில் சொல்ல வாயைத் திறந்திருந்தால் கத்தியிருப்பேன்.

டாக்டர் என்னைத்தான் திட்டினார். "படிச்சுப் படிச்சு சொன்னேனேம்மா, நீங்களே இப்டிப் பண்ணா எப்டி?"

"அவங்க இல்ல டாக்டர். நான்தான்" என்றார் என் கணவர்.

அந்த வாயை மலை மேல் திறந்திருக்கலாம் என்று நினைத்தேன். வெளியே வந்ததும் அதைச் சொல்லவும் சொன்னேன். மறுநாளிலிருந்து காலையில் குளிப்பாட்டி மருந்து பூசுவது உங்கள் வேலை என்றேன். அவர் தகராறு செய்யவில்லை. சில நாள் கழித்து, கையெல்லாம் களிம்போடு வந்து, "ஒரு நாளைக்கே இவ்ளோ இருக்குதே" என்றார். அவரே உணர்ந்தால் போதும் என்று விட்டுவிடும் மனநிலையில் நான் இல்லை. வாயைத் திறந்தால் சண்டை முடியாது என்றுதான் பேசாமல் இருந்தேன்.

மாத்திரையில் சீழ் வற்றியது. மழைக்காலம் வந்து வேர்வை குறைந்தது. தினமும் விடாமல் பூசியதில் தோல் அடங்கியது, முடியும் வளர்ந்தது. அப்போது கனகம்மாசத்திரத்தில் சொந்தக்காரர் வீட்டுக் காதுகுத்து. பந்தலில் அண்ணி என் மகளை இழுத்து எல்லார் முன்னாலும் நிறுத்தினார்.

"எத்தினி டாக்டருகிட்ட காட்னாங்க! மொட்டை போட்டேன், முருகன் எடுத்துட்டாரு. கைய பாருங்க, எப்டி வழவழன்னு கீது."

பெண்கள் அவள் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்கள்.

"கழுத்துல இன்னும் இருக்குது" என்றேன். "மொட்டை போட்டதுல சீழ் புடிச்சு காய்ச்சல் வந்துது. இப்ப அடங்கியிருக்குதுன்னா தெனமும் மருந்து போட்டுத்தான்."

"சாமி விஷயத்துல அப்டி பேசாதம்மா" என்றது ஒரு குரல். என் மகள் அழுததைவிட நான் பேசியதுதான் அங்கே குற்றமாகிவிட்டது.

இப்போது அவள் இரண்டாம் வகுப்பு. சித்திரை வெயிலில் மறுபடி கிளம்புகிறது, மறுபடி அடக்குகிறோம். அண்ணி அந்தக் கதையை இன்னும் சொல்லிக்கொண்டுதான் இருக்கிறார்; நான் இல்லாத இடமாகப் பார்த்துச் சொல்கிறார். போன மாதம் கண்டிகைக்கு அப்பாவோடு போய்விட்டு வந்த மகள், "அத்த இன்னிக்கும் மொட்டை கதைய சொன்னாங்கம்மா" என்றாள்.

"நீ இன்னா சொன்னே?"

"எனக்கு எரிஞ்சுதுன்னு சொன்னேன்."