எழவு என்று பேர் வைத்த நாள்

"எழவுனு சொல்லுங்க" என்று அக்கா எழுந்து நின்று சொன்னபோது, அம்மன் கோயில் மணலில் கூடியிருந்த ஏரித் தீவான எங்கள் பசியாவரத்து ஆண்கள் எல்லோரும் அவள் பக்கம் திரும்பினார்கள்.

பழவேற்காட்டுக் கோட்டையில் உலாந்தாக்காரர்கள் என்ற டச்சுக்காரர்கள் இருந்த காலம் அது. ஏரியின் மீன்வரியை வசூலிக்கும் உரிமையை உள்ளூர்க்காரர் ஒருவர் குத்தகைக்கு எடுத்திருந்தார். வலையில் விழுவதில் பாதியை அவருடைய ஆட்கள் கரையிலேயே அள்ளிக்கொண்டார்கள். மறுத்தவர்களைக் கோட்டைக்குள் அடைத்தார்கள். அக்காவின் கணவர், என் மாமா, அப்படித்தான் உள்ளே போனார். கடலில் கப்பல் வந்து நிற்கும்போதெல்லாம் அக்காவுக்குச் சோறு இறங்காது. அடைபட்டவர்களில் சிலர் அந்தக் கப்பல்களில் ஏற்றப்பட்டு, பேர் தெரியாத தேசங்களுக்குப் போய்விட்டதை ஊரே அறியும்.

வரியைக் குறைக்கச் சொல்லி எல்லோரும் திரண்டு கோட்டை வாசலுக்குப் போவதென்று முடிவாகியிருந்தது. அந்தப் புறப்பாட்டுக்கு என்ன பேர் சொல்வது என்பதில்தான் பேச்சு நின்றது. 'முறையீடு' என்றார் ஊர்த்தலைவர். பக்கத்து ஊரான சுண்ணாம்புக்குளத்தார் அதே பேரைச் சொல்லிப் போய், கலகக்காரர்கள் என்று அடிபட்டுத் திரும்பியதை வலைக்காரர் ஒருவர் நினைவுபடுத்தினார். "நாம இன்னா பேரு வச்சாலும், துபாசி தொரைகிட்ட கலகம்னுதான் மாத்திச் சொல்லுவான்" என்றார்.

அப்போதுதான் அக்கா எழுந்தாள். "எழவுனு சொல்லுங்க. எந்த பாஷையில சொன்னாலும் எழவு எழவுதான். பாடைய எவனும் மறிக்க மாட்டான்."

"வாய்ல நல்ல வார்த்தையே வராதா உனுக்கு?" என்று அம்மா பதறினாள். ஆனால் வேறு பேர் யாருக்கும் தோன்றவில்லை.

பாடை கட்டியாயிற்று. வெறும் பாடையைக் கண்டால் துறையிலேயே பிடித்துக்கொள்வார்கள் என்று, அக்காவே ஏறிப் படுத்துக்கொண்டாள். அவள் முகத்தை மூடியதும் அம்மா பொய்யாகத் தொடங்கிய ஒப்பாரி, தோணி பாதி ஏரியைக் கடப்பதற்குள் மெய்யாகிவிட்டது. "அவ உசுரோடதான் கீறாம்மா" என்று காதோரம் சொன்னேன். அம்மா நிறுத்தவில்லை.

துறையில் காவலர்கள் தொப்பியைக் கழற்றி ஒதுங்கினார்கள். கோட்டை வாசலில் பாடையை இறக்கியதும் அக்கா துணியை விலக்கி எழுந்து உட்கார்ந்தாள். ஒரு சிப்பாய் அலறிப் பின்வாங்கினான்.

"பாதி மீனு போனா நாங்க பொணந்தான் தொரை. அதச் சொல்லத்தான் வந்தோம்" என்றாள். இந்த முறை மொழிபெயர்த்துச் சொல்லும் துபாசி அவள் சொன்னதை அப்படியே சொல்லியிருக்க வேண்டும். கோட்டைத் துரை பாடையையும் அதில் உட்கார்ந்திருந்தவளையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு வரியைக் கால் பங்காகக் குறைக்கவும் அடைபட்டவர்களை விடவும் உத்தரவானது.

கூட்டம் கலையத் தொடங்கியபோது குத்தகைக்காரரின் ஆட்கள் அவளைச் சூழ்ந்துகொண்டார்கள். பொய்ப் பிணமாக வந்தவள் விசாரணைக்கு இருக்க வேண்டுமாம். நான் முன்னால் பாய்ந்தேன்.

"நீ போடா. மாமா நடக்க முடியாம வருவாரு, புடிச்சிக் கூட்டினு போ. நான் பின்னாலயே வரேன்" என்றாள்.

மாமாவைத் தோணியில் ஏற்றினேன். முகத்துவாரத்துக்கு அப்பால் நின்றிருந்த கப்பல் மறுநாள் காலையில் இல்லை. கோட்டைக்குப் போய்க் கேட்டபோது, அப்படியொரு பெண் உள்ளே வரவேயில்லை என்றார்கள்.

இப்போது என் தலையும் நரைத்துவிட்டது. அக்காவுக்கு இன்னும் கருமாதி செய்யவில்லை. ஊரார் வற்புறுத்தும்போதெல்லாம் மாமாவிடம் நான்தான் போய்ப் பேசுவேன். அவர் வலையிலிருந்து கண்ணை எடுக்காமல் ஒன்றையேதான் சொல்கிறார்:

"ஒரு தபா தூக்கினு போனீங்க, எழுந்து உக்காந்தா. இன்னொரு தபா எப்பிடிடா மச்சான் தூக்கச் சொல்ற?"