எங்கள் வீட்டு மிஸ்

மகளைப் பள்ளியிலிருந்து நிறுத்தி வீட்டிலேயே படிக்கவைக்கலாம் என்று ஒற்றைக்காலில் நின்றவள் நான்தான். ஏழாம் வகுப்புக்குப் போனதிலிருந்து திங்கட்கிழமை விடிந்தாலே அவளுக்கு வயிறு வலிக்கும். சனியும் ஞாயிறும் பரோட்டாவாகப் போட்டுத் தாக்கிய அதே வயிறுதான். டாக்டர் அமுக்கிப் பார்த்துவிட்டு, "வயித்துல ஒண்ணும் இல்லம்மா. ஸ்கூல்ல ஏதாவது இருக்கும், அங்க பாருங்க" என்றார்.

என் கணவருக்கு சிறுசேரியில் சாஃப்ட்வேர் டெஸ்டிங் வேலை. எதையும் டெஸ்ட் பண்ணிப் பார்க்காமல் ஒத்துக்கொள்ள மாட்டார். "ஒரு வருஷம் பாக்கலாம். வீட்லயும் வயித்து வலின்னு உக்காந்தா, ஜூன்ல பேசாம ஸ்கூலுக்கே அனுப்பிடணும். சரியா?" என்றார். என் பின்னால் நின்ற மகள் என் துப்பட்டாவைக் கொத்தாகப் பிடித்துக்கொண்டாள். பன்னிரண்டு வயதுப் பெண்! அந்தப் பிடியில் எனக்கு வைராக்கியம் வந்துவிட்டது. இவளை மறுபடி அங்கே அனுப்பப் போவதில்லை, அவ்வளவுதான்.

வைராக்கியம் வந்தால் எனக்குக் கண்மண் தெரியாது. முதல் நாளே காலை ஒன்பது மணிக்குப் பூஜை மணியை எடுத்து அடித்தேன். பிரேயர், உறுதிமொழி, செய்தி வாசிப்பு, எல்லாம் உண்டு. அவள் வாசித்தாள், நான் கேட்டேன், கூட்டத்துக்கும் சேர்த்து நானே கைதட்டினேன். பிறகு அட்டெண்டன்ஸ். எதிரே இருப்பதே ஒரே பெண், அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டே அவள் பெயரைக் கூப்பிட்டேன்.

"பிரசன்ட்மா."

"அம்மா இல்ல. ஒம்போதுலேர்ந்து ஒரு மணி வரைக்கும் நான் மிஸ்."

"லஞ்சுக்கு?"

"லஞ்சுக்கு அம்மா."

அம்மா என்று கூப்பிடவிட்டால் படிப்பு ஏறாது என்பது என் எண்ணம். நைட்டியில் பாடம் எடுத்தால் மரியாதை இருக்காது என்று தினமும் காட்டன் புடவை கட்டி, மடிப்பு வைத்து, சேஃப்டி பின் வேறு குத்திக்கொண்டேன். எதிர்வீட்டு அக்கா, "காலையிலயே எங்க கெளம்பிட்டீங்க?" என்றார். "ஸ்கூலுக்கு" என்று சொல்லிவிட்டு ஹாலுக்குத் திரும்பினேன். அவர் கதவைச் சாத்தவே இல்லை.

வெளியே போனாலும் இதே கதைதான். தாம்பரம் மார்க்கெட்டில் கீரைக்காரம்மா மகளைப் பார்த்ததும், "இன்னாமா, பாப்பா இஸ்கூலுக்குப் போவல? ஒடம்பு கிடம்பு சரியில்லயா?" என்று பிடித்துக்கொண்டார்.

"வீட்லதான் படிக்கிறா. நானே சொல்லித் தரேன்."

"அய்ய! அப்ப லீவே கெடயாதா? பேஜாருமா!" என்று சொல்லி, மகள் கையில் ஒரு கொத்து கொத்தமல்லியைத் திணித்தார். மகள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். எனக்குத்தான் பற்றிக்கொண்டு வந்தது.

மாதக் கடைசியில் பெற்றோர் கூட்டம் கூட்டினேன். ஒரு சனிக்கிழமை கணவரை எதிரே நாற்காலியில் உட்காரவைத்து, "உங்க பொண்ணு ஹோம்வொர்க் முடிக்கிறதே இல்ல சார்" என்றேன்.

அவர் கையைக் கட்டிக்கொண்டு பவ்யமாக, "நான் ஆபீஸ் போயிடறேன் மிஸ். வீட்ல அவ அம்மா என்னதான் பண்றாங்கன்னு தெரியல" என்றார். அன்று சாயங்காலம் அவருக்குக் காபி கிடைக்கவில்லை.

இப்படி ஜோராகப் போய்க்கொண்டிருந்தபோதுதான் கணக்கில் மைனஸ் வந்தது. மைனஸை மைனஸால் பெருக்கினால் பிளஸ் என்றேன். "ஏன் மிஸ்?" என்றாள். முந்தின நாள் நான் பார்த்த வீடியோவில் ஏன் என்று சொல்லவில்லை. "ஏன்னா அப்படித்தான்" என்றேன். "அதான், ஏன் அப்படி மிஸ்?" என்றாள். கத்திவிட்டேன். மறுநாளும் கேட்டாள், மறுநாளும் கத்தினேன். அந்த வாரம் முழுக்க இதே கூத்து.

அடுத்த திங்கட்கிழமை. அட்டெண்டன்ஸ் முடிந்ததும் கையைத் தூக்கினாள்.

"வயிறு வலிக்குது மிஸ். எங்க அம்மாவ கொஞ்சம் கூப்பிடுறீங்களா?"

விளையாடுகிறாளோ என்று பார்த்தேன். இல்லை. கண்ணில் தண்ணீர் முட்டிக்கொண்டு நின்றது. போச்சு, எல்லாம் போச்சு, ஜூன் மாதம் இப்போதே வந்துவிட்டது என்று நினைத்துக்கொண்டேன். வேறு என்ன செய்வதென்று தெரியாமல் சமையலறைக்குப் போய்ப் பின்னைக் கழற்றினேன், முகத்தைக் கழுவினேன், முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு திரும்பி வந்தேன்.

"என்னடா செல்லம்? ஸ்கூல்லேர்ந்து கூப்பிட்டாங்க."

ஓடிவந்து கட்டிக்கொண்டாள். "மிஸ் கத்துறாங்கம்மா."

"எந்த மிஸ்?" என்று கேட்டுத் தொலைத்தேன்.

"இருக்கறதே ஒரு மிஸ்தானம்மா! தெரியலன்னா கத்துறாங்க. எனக்குத் தெரியலன்னா இல்ல, அவங்களுக்குத் தெரியலன்னா."

என் பெண்ணை எவளோ அழவைத்துவிட்டாள் என்று நிஜமாகவே கோபம் பொத்துக்கொண்டு வந்தது. அவள் யார் என்பது ஒரு நிமிஷம் கழித்துத்தான் உறைத்தது. அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்து எனக்கு மூக்கு ஒழுகியது.

"நான் போய் அந்த மிஸ்ஸ நாலு கேள்வி கேட்டுட்டு வரட்டுமா?"

"வேணாம்மா, பாவம். புதுசு அவங்க."

அவள் தலையைத் தடவிக்கொண்டே இருந்தேன். கேட்காமல் விட்டுவிடலாமா என்றுகூடத் தோன்றியது. ஆனால் கேட்டுத்தானே ஆகவேண்டும். "அப்போ பழைய ஸ்கூலுக்கே போறியாடா? அப்பாகிட்ட சொல்லவா?" என்றேன்.

அவள் என் புடவையில் முகத்தைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தாள்.

"ஸ்கூல் இதே இருக்கட்டும்மா. மிஸ்ஸ மட்டும் அனுப்பிடு."